எங்களோடு நீட் எழுதிய அம்சா அக்கா

நம் பழைய கோச்சிங் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் வருவதில்லை. சென்ற வாரம் நான் வார்டில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அம்சா அக்கா வேலைக்குக் கிளம்பும்போது மயங்கி விழுந்தாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரோடு படித்த உங்களுக்கும் அன்று கைபேசியைக் கீழே வைக்கத் தோன்றியிருக்காது.

தாம்பரத்தில் நம் முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? புடவை கட்டி, தோளில் பையோடு ஒருவர் உள்ளே வந்ததும், பிளஸ் டூ பிள்ளைகளான நாம் எழுந்து “குட் மார்னிங் மிஸ்” என்றோம். அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. பிறகு சிரித்துவிட்டார். “இன்னாம்மா இது? நானும் உங்கள மாதிரி படிக்கத்தான் வந்துகீறேன். ஒக்காருங்க” என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மதிப்பெண் எடுத்தும், பிளஸ் டூ முடித்ததுமே அவருக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள், டாக்டர் படிப்புக்கு வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

இயற்பியல் வகுப்பில் சுழற்சி இயக்கம் யாருக்குமே புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம். அக்கா மட்டும் கை தூக்கினார். சார் மறுபடி நடத்தினார். அக்கா மறுபடியும் கை தூக்கினார். “உங்க ஒருத்தருக்காக எத்தனை தடவைம்மா நடத்துறது?” என்று சாருக்குக் கோபம். “எனக்கு மட்டுந்தான் புரியலன்னா வுட்ருங்க சார். இவங்கள்ல யாரையாவது கூப்ட்டு போர்டுல போட சொல்லுங்க” என்றார் அக்கா. வகுப்பு முழுவதும் குனிந்து மேசையைப் பார்த்தது. சார் சிரித்துவிட்டு, பலகையை அழித்து முதலிலிருந்து தொடங்கினார்.

எனக்கும் அவருக்கும் தேர்வு மையம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளியில் விழுந்தது. வாசலில் சோதனை. தாலியோடு போகலாம், ஆனால் சோதிக்க நேரமாகும் என்றார்கள். அக்கா யோசிக்கவேயில்லை. சங்கிலியைக் கழற்றி, திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் தன் கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். தேர்வு முடிந்து வெளியே வந்தால், அந்த மனிதர் தாலியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்!

“பாக்கெட்ல வெச்சா எங்கனா வுழுந்துடும்ல?” என்றார் அவர்.

அக்கா சிரித்த சிரிப்பில் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். “உனக்குத்தான் நல்லா கீது. நீயே வெச்சுக்கோ!” கேள்வித்தாள் எப்படி இருந்தது என்று அன்று யாருமே கேட்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. மறு வருடமும் எழுதினார், அப்போதும் இல்லை. பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். இது உங்களுக்குத் தெரியும். எனக்கு இடம் கிடைத்த அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அன்று மாலை ஜாங்கிரிப் பெட்டியோடு சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. “அக்கா, நீங்க இன்னிக்கே வரணுமா?” என்றேன்.

“காலைல பூரா அழுதேன். அது எனக்கோசரம். இப்ப வந்துகீறது உனக்கோசரம். ரெண்டும் வேற வேற. வாயத் தொற” என்று ஜாங்கிரியை ஊட்டினார். அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். நான் சேரப்போகும் கல்லூரியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, வெகுநேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த மாலைதான். இன்று காலை முழுவதும் எனக்காக அழுதாயிற்று, அக்கா. முகம் கழுவிக்கொண்டு உங்கள் மகளைப் பார்க்கக் கிளம்புகிறேன்.