மாப்பிள்ளை போட்ட பூட்டு

என் மாமனாரின் வீட்டைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற நான் மலையேறியபோது, என் பையில் இரண்டு பூட்டு, ஒரு தாழ்ப்பாள், ஒரு விசில், வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்தெடுத்த 'தனித்து வாழும் முதியோர் கவனிக்க வேண்டியவை' என்ற கட்டுரை ஆகியவை இருந்தன. விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. இதை இப்போதே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

எண்பதுகளின் தொடக்கம். மாமனார் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போனபிறகு, கொஞ்சம் மிளகுக் கொடியும் நாலு ஆரஞ்சு மரமும் உள்ள தன் ஓட்டுவீட்டில் தனியாக இருந்தார். நாங்கள் அடிவாரத்தில், கன்னிவாடியில். மாமனார் வீட்டுக் கதவைப் பகலில் யாரும் சாத்திப் பார்த்ததில்லை. அந்த மழைக்காலத்தில் வாசலில் மாட்டியிருந்த குடை காணாமல் போயிற்று. அடுத்த மாதம் கம்பளி. "நனைஞ்சவன் எவனோ எடுத்திருப்பான்" என்று அவர் விட்டுவிட்டார். என் மனைவி விடவில்லை.

"இன்னும் ஒரு சாமான் களவு போச்சுன்னா, அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்றாள். "அம்மாவோட ரெட்டவடச் சங்கிலி வேற அங்கதான் கெடக்கு."

மாமனாருக்கு மலையை விட்டு இறங்குவதென்றால் உயிர் போகிற சமாசாரம். கன்னிவாடி வெயிலில் இரண்டு நாள் இருந்தாலே முகம் வாடிவிடுவார். எனக்கும் அவர் மலையில் இருப்பதே நல்லதென்று பட்டது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலி. ஆக, அவரைக் காப்பாற்றப் போனேன் என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டதில் பாதி நாற்காலியைப் பற்றியது.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்ததும் கதவில் தாழ்ப்பாள் அடித்தேன். சங்கிலி இருந்த டிரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை அவரிடம் கொடுத்தேன். பிறகு ஒத்திகை. நான் வெளியே போய் அந்நியனாகக் கதவைத் தட்ட வேண்டும். அவர் திறக்காமல் விசாரிக்க வேண்டும். தட்டினேன். கதவு உடனே திறந்தது.

"வாங்க மாப்ளே."

"நான் மாப்பிள்ளை இல்லைங்க. இப்ப நான் அந்நியன்."

"சரிங்க. அந்நியரு காப்பி சாப்பிடுறீகளா?"

மூன்றாம் முறை தட்டியபோது உள்ளிருந்தே குரல் வந்தது. "பனி எறங்குதுங்க. உள்ள வந்து அந்நியரா இருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே உண்மையான அந்நியன் வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் பை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பித்தளை, வெள்ளி, தங்கம் எல்லாவற்றுக்கும் பாலிஷ் போடும் கம்பெனியின் ஆள் என்றான். மாமனார் எதுவும் கேட்காமல் "வாங்க" என்றார். நான் குறுக்கே புகுந்து, விசாரிப்பது எப்படி என்று அவருக்குச் செய்து காட்டினேன். எந்த ஊர்? எந்தக் கம்பெனி? ஆதாரம்? அவன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். டைப் அடித்த ஆங்கிலம், மூன்று ரப்பர் ஸ்டாம்ப். முழுவதும் படித்தேன். இரண்டாம் பத்தியில் ஒரு பிழை இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். அவன் மிகவும் நன்றி சொன்னான். ஆள் சரியானவன்தான் என்று மாமனாருக்குத் தலையசைத்துக் காட்டினேன்.

மாமனார் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் என்றேன் அல்லவா? எதிரில் ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவரால் பார்க்க முடியாது. ஒரு பித்தளைக் குடத்தை அவன் பக்கம் உருட்டிவிட்டார். அது முடிந்ததும் அண்டா. அண்டா முடிந்ததும் குத்துவிளக்கு இரண்டு.

"தங்கம் எதுவும் இருக்குங்களா ஐயா?"

"இருக்கு, பெட்டிக்குள்ள கெடக்கு. இந்த வெளக்கு காயுற மட்டும் அந்த மெளகக் கொஞ்சம் கெளறி விடுங்களேன்."

முற்றத்துப் பாயில் காய்ந்த மிளகை அவன் கிளறினான். பிறகு இரண்டு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு ஆரஞ்சு மரத்துக்கு முட்டுக் கொடுத்தான். வெள்ளைச் சட்டை காக்கி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. "வெரசா முடிச்சிட்டீங்கன்னா சங்கிலிய எடுத்தாரேன்" என்று மாமனார் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார். உச்சிவேளை தாண்டிய பிறகுதான் எழுந்து உள்ளே போனார். கொஞ்சநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"சாவியக் காணோம் மாப்ளே. நீங்க போட்ட பூட்டுத்தான்."

தலையணைக்கடியில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள் எல்லாம் நான்தான் தேடினேன். கிடைக்கவில்லை. முற்றத்தில் அந்த மனிதனின் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. காலையிலிருந்து மாடாக உழைத்தவன். என் பூட்டினால் அல்லவா வெறுங்கையோடு போகிறான்? மோதிரத்தைக் கழற்றினேன்.

மாமனார் இருமினார். நான் அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் பலமாக இருமினார். "பனி ஒத்துக்கலை" என்று பாலிஷ்காரனிடம் சொன்னேன். "ஓமம் போட்டுக் கொதிக்கவச்சுக் குடுங்க சார்" என்றான். நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

மோதிரம் ஒரு டிபன் டப்பாவுக்குள் போயிற்று. மஞ்சள்தூள், தண்ணீர், பையிலிருந்து ஏதோ ஒரு பொடி. மூடி அடுப்பில் வைத்தான். "பத்து நிமிஷம் தொறக்காதீங்க சார். காத்துப் பட்டா கறுத்துரும்." ஓடையில் கை கழுவி வருவதாகச் சொல்லிப் பையோடு போனான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய மோதிரம் என்பதால் பதினைந்து நிமிஷம் விட்டேன்.

டப்பாவுக்குள் அருமையான மஞ்சள் தண்ணீர் இருந்தது.

மாமனார் வேட்டி மடிப்பிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்னு சொல்ல முடியாதுங்க. ஆனா இம்புட்டு நேரம் வேல செஞ்சான், கூலி என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. கூலி கேக்காத ஆள நான் இந்த மலையில பாத்ததில்லைங்க."

"பின்ன ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவருக்கு உண்மையாகவே சங்கடமாகிவிட்டது. "லெட்டர் எல்லாம் படிச்சு நீங்களே சரின்னுட்டீக. மாப்பிள்ள ஒண்ணு முடிவு பண்ணப்புறம் வேத்தாளு முன்னாடி எப்படிங்க குறுக்க பேசுறது? அதான் இருமினேன்."

போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். "குடுக்கலாம். லெட்டர்ல தப்பத் திருத்திக் குடுத்ததையும் சேத்துத்தான் எழுதணும்" என்றார். அந்த யோசனையைக் கைவிட்டேன்.

பிறகு அவர் என் முன்னால் வைத்த சாவியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ஒங்க மோதரம் போனது வருத்தந்தாங்க. ஆனா சங்கிலி போயிருந்தா நானும்ல கீழ எறங்கியிருக்கணும்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து குடம், அண்டா, மிளகு என்று அவர் ஒவ்வொரு வேலையாகக் கண்டுபிடித்துக் கொடுத்ததெல்லாம் அந்தச் சங்கிலியைத் தள்ளிப்போடத்தான். வாசலில் வந்தவனைப் போ என்று சொல்ல அவருக்குத் தெரியாது. வேலை கொடுக்கத்தான் தெரியும்.

மறுநாள் நான் பஸ் ஏறும்போது அவர் விசிலை வைத்துக்கொண்டார்; மிளகு பறிக்க வரும் ஆட்களைக் கூப்பிட உதவுமாம். இரண்டாவது பூட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அங்க தேவைப்படுமுங்க." மகளுக்கு ஒட்டிய கவரில் ஒரு கடிதமும் கொடுத்தார். நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மனைவி சத்தமாகவே படித்தாள். 'நான் சௌக்கியம். சங்கிலி பத்திரம். பூட்டு நன்றாக வேலை செய்கிறது. பித்தளைச் சாமான் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. மாப்பிள்ளையை இனி மலைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம்.'

படித்து முடித்து என் விரலைப் பார்த்தாள். நான் இருமினேன். அவள் வெந்நீர் கொண்டுவரவில்லை.

முழுக் கதையையும் கேட்டபின், "சரி, அப்பா அங்கேயே இருக்கட்டும்" என்றாள். மறுநாள் காலை சந்தைக்குக் கிளம்பியபோது, "யார் வந்து தட்டுனாலும் கதவத் தொறக்காதீங்க, எந்த லெட்டரையும் வாங்கிப் படிக்காதீங்க" என்றாள். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையாட்டினேன். அதிலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. மிச்சமிருந்த அந்தப் பூட்டு, வெளிப்பக்கம், கதவில் விழும் சத்தம் கேட்டது.