பேர் பதிந்த திங்கட்கிழமை

அடிப்பிடித்த பால்மாவின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் இப்போதும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், இடைவேளை மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே அந்த வாசனை அரைச்சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் ஐந்து வகுப்புகளின் குரலும் ஒன்றாகத் தணிந்துபோகும். ஒரு தகரக் கொட்டகை, ஒரே வாத்தியார், கொப்பரையில் காய்ச்சிய பால், ஆளுக்கொரு ‘பணிஸ்’ ரொட்டி. வெறும் தேயிலைச் சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவி என்று எல்லோரும் நினைத்தார்கள், வாத்தியாரைத் தவிர.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் அவர்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு மனு எழுதுவதும், பிரஜாவுரிமை பற்றி வந்த கடுதாசிகளைப் படித்துச் சொல்வதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதுவதும் எல்லாம் அவர் தலையில்தான். ‘வாத்தியாரு சொல்லிட்டாரு’ என்றால் எங்கள் லயத்தில் அதற்குமேல் பேச்சில்லை. அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவாக இருந்திருக்கக்கூடாதா என்று பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அக்கா சரசு அப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள்; நான் மூன்றாம் வகுப்பு. ஐந்துக்கு மேல் படிக்கத் தோட்டத்தில் இடமில்லை. பெண்பிள்ளைக்கு அடுத்தது ‘பேர் பதியிறது’தான், அதாவது வேலையாட்களின் செக்ரோல் பதிவேட்டில் பெயர் ஏறும், வயது போதாதவர்களுக்கு அரைச் சம்பளத்தில் ‘அரைப்பேர்’ போடுவார்கள். எங்கள் லயத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது.

ஒரு வியாழக்கிழமை. தம்பிக்குக் காய்ச்சல் என்று கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா அவனை எடுக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிட்டாள். பால் வரிசையில் நின்ற என்னிடம் வாத்தியார் பணிஸைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

“பிள்ளை, கொக்கான்ர பேரைத் திங்கட்கிழமைக்குள்ள பதிஞ்சுபோட வேணும். கொப்பரைக் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லு. நானும் அண்டைக்குக் காலமை வாசல்ல நிப்பன்.”

கொக்கா என்றால் உன் அக்கா, கொப்பர் என்றால் உன் அப்பா. அது அவர் ஊர்ப் பேச்சு. எனக்குப் பின்னால் நின்றவன் விடவில்லை. “கொக்கு கொப்பரையில விழுந்திருச்சு டோய்” என்றான் மெதுவாக. பால் கொப்பரை கண்முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கொக்கு காலை விரித்துக்கொண்டு கிடப்பதாக நினைத்து, வாயில் வைத்த பணிஸ் சிதறச் சிரித்தேன். வீடுபோய்ச் சேர்ந்தபோது அக்கா பேர், பதியணும், திங்கட்கிழமை என்கிற மூன்றுதான் மிச்சம் இருந்தன.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள். “வாத்தியாரா சொன்னாரு?”

“ஆமா. திங்கக்கெழமைக்குள்ள பதியணுமாம்.”

“நல்லாப் படிக்கிதுன்னு சொன்ன மனுசன்தானே,” என்றார் அப்பா. “நான் வேணா ஒருதரம் போயிக் கேட்டுட்டு வரவா?”

“என்னான்னு கேப்பீங்க? எம் மக மக்கான்னா?”

அப்பா போகவில்லை. தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அக்கா மட்டும் என்னிடம் வந்து, “நெசமா என் பேரத்தான் சொன்னாரா?” என்றாள். “கொக்கான்னாரு” என்று சொல்லிவிட்டு நான் மறுபடி சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை தன் சிலேட்டைத் துடைத்து என் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அம்மா அவளை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். கணக்கப்பிள்ளை, “என்னா ராமாயி, ஒம் மக படிச்சு டீச்சராகப் போறான்னு லயமே பேசுச்சு, புல்லு வெட்டவா கொண்டாந்திருக்க?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “வாத்தியாரே சொல்லிட்டாருங்க. பதிஞ்சிக்கிங்க,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அன்று பொழுது சாயும் நேரம் வாத்தியார் நனைந்த குடையோடு லயத்துக்கு வந்தார்.

“காலமையிலயிருந்து பள்ளிக்கூட வாசல்ல நிண்டனான். ஏன் வரேல்ல?”

அப்பாவுக்குப் புரியவில்லை. “எங்கங்க வரணும்? நீங்க சொன்னபடி விடியவே பதிஞ்சிட்டமுங்க.”

“எங்க பதிஞ்சனீங்கள்?”

“பெரட்டுலங்க.”

வாத்தியார் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டகலையில் தங்கிப் படிக்க ஒரே ஒரு பிள்ளைக்கு இடம் இருந்திருக்கிறது. மத்தியானம்வரை பார்த்துவிட்டு அதை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “நீ என்னெண்டு சொன்னனீ?” என்று கேட்டார்.

“நீங்க சொன்னதத்தான் சார் சொன்னேன்.”

புல் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “வாற வருசம் பாப்பம்,” என்று சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்தார். அடுத்த வருசம் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வந்தவருக்கு அக்காவைத் தெரியாது.

எனக்குப் பேர் பதியும் காலம் வந்தபோது அப்பா யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல் தானே கொட்டகலைக்கு நடந்தார். அக்கா இழந்த பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் அவள் என் புத்தகங்களை வாங்கிப் பார்ப்பாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல் பட்டுத் தாள் கறையாகும் என்றாள்.

இப்போது என் மகளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு நான் நடந்துகொண்டிருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு வந்தாலும், இரண்டு நாளில் கால் மறுபடி அங்கே போய் நிற்கிறது. “முந்தாநாள்தானங்கம்மா பாத்துட்டுப் போனீங்க,” என்கிறார் எழுத்தர். மகளோ, “டீச்சர் சொன்னதா நான் சொன்னா நம்ப மாட்டீங்களாம்மா?” என்று கேட்கிறாள். நம்ப முடியாதது அவளை அல்ல.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது உரம் அடுக்கும் இடம். கொப்பரை இல்லை, பாலும் பணிஸும் இல்லை. ‘அரைப்பேர்’ என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியாது. அக்காவும் இங்கே இல்லை. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களோடு புருஷனுடன் போய், கோத்தகிரிப் பக்கம் எங்கோ கொழுந்தெடுக்கிறாள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை; அவள் மறந்திருப்பாள் என்று நினைத்து நான் வாழ்ந்துவிட்டேன். போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அதே குண்டு எழுத்தில். கடைசி வரி இது: ‘பாப்பா பேர் பதிந்தாயிற்றா? எந்த இடத்தில் என்பதையும் மறக்காமல் சொல்.’

பதில் எழுத உட்கார்ந்து எழுந்து எட்டு நாளாகிறது.