அரையிஞ்சு அக்கா போர்டு வைத்த கதை

அரையிஞ்சு அக்காவிடம் முதல் தடவை அளவு கொடுக்கப் போகும் பெண்கள் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். டேப்பை இடுப்பில் சுற்றி, "நாப்பத்தி நாலு" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வாள். சொன்ன கையோடு நோட்டில் முப்பத்து நாலு என்று எழுதுவாள். பத்து இஞ்சு இளைத்த சந்தோஷத்தில் ஒருத்தி நேரே பேக்கரிக்குப் போய் முழுக் கேக்கையும் தின்று தீர்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி அளவெடுக்கச் சொன்னாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

விஷயம் இதுதான். பல வருஷங்களுக்கு முன்பு இஸ்திரிப் பெட்டி சாய்ந்து, அவளுடைய டேப்பின் முதல் பத்து இஞ்சு கருகிப்போனது. கருகியதை வெட்டி எறிந்தாள். மிச்சத்தை எறிய மனசு வரவில்லை. "அம்பது இஞ்சு நல்லாத்தானே இருக்கு, அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். அன்றிலிருந்து அவள் டேப் பத்தில் தொடங்கி அறுபதில் முடிகிறது. வாய், டேப்பில் இருப்பதைப் படிக்கும். எழுதுகிற கை பத்தைக் கழித்துக்கொள்ளும். அந்தக் கை ஒருநாளும் மறந்ததில்லை.

புதுத் துணி தைப்பது அவள் தொழில் இல்லை. தைத்த துணியைத் திருத்துவதுதான் தொழில். நீளமான பேண்டைக் குட்டையாக்குவது, செத்துப்போன ஜிப்பை மாற்றுவது, அண்ணன் போட்ட கோட்டைத் தம்பிக்குப் பிடிப்பது. இருபத்திரண்டு வருஷம் ஒரு டிரைகிளீனிங் கடையின் மூலையில் இதைச் செய்தாள். தலைக்கு மேல் தொங்கும் கோட்டுகளை விலக்கினால்தான் அவள் முகம் தெரியும். எவ்வளவு குறைக்கச் சொன்னாலும் துணியை வெட்டமாட்டாள். உள்ளே மடித்து, குறைந்தது அரையிஞ்சாவது விட்டுத்தான் தைப்பாள். "நாளைக்கு இந்த உடம்பு என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும், உள்ள இருக்கட்டும்" என்பாள். கடை முதலாளி அதைக் கேலி பண்ணி 'அரையிஞ்சு' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயர் இப்போது அவள் மகளுக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் அந்த முதலாளி சட்டை மடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். மெஷினுக்கு இடம் வேண்டும், மூலை ஒன்றுதான் இருந்தது.

"நீ தாராளமா தனிக்கடை போடும்மா. மூணு மாசத்துல திரும்பி வந்தா, வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன்" என்றார்.

அந்த ஸ்டூல் பேச்சுதான் அவளைச் சுட்டது. மூன்று தெரு தள்ளி, பத்தடி முகப்புள்ள ஒரு சின்னக் கடையைப் பிடித்தாள். கடை கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் டிரைகிளீனிங் கடைக்கு வந்து பழகிய கால்கள் மூன்று தெரு தாண்டி வருமா? வராவிட்டால் ஸ்டூல்தான்.

"சும்மா போர்டு மாட்டினா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கம்மா" என்று சொல்லி, மகள் இரண்டு டிசைனர்களைக் கூட்டி வந்தாள். ஒருவன் சுருட்டை முடிக்காரன். இன்னொருத்தி முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டவள். பெயரும் அடையாளமும் உண்டாக்கித் தருவது அவர்கள் வேலை. முதல் நாள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள்.

"மேடம், உங்க கடை ஒரு மனுஷனா இருந்தா எப்படிப்பட்டவரா இருப்பாரு?" என்றான் சுருட்டை.

அக்கா யோசித்தாள். "இடுப்பு கொஞ்சம் பெருத்தவரா இருப்பாரு. அவங்கதான் நிறைய வர்றாங்க."

"கடைக்குள்ள வரும்போது மனசுல என்ன உணர்வு வரணும்?"

"வெக்கம் வரக்கூடாது தம்பி. குண்டாயிட்டோம்னு வெக்கப்பட்டுக்கிட்டேதான் பாதிப் பேரு வருவாங்க."

கண்ணாடிக்காரி அதை எழுதிக்கொண்டாள். "என்ன நிறம் பிடிக்கும்?"

"அழுக்கு தெரியாத நிறம்."

அதற்கு 'ஆழ்கடல் நீலம்' என்று பெயர் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பெரிய தாள்களில் மூன்று பெயர்களோடு வந்தார்கள்: 'இழை', 'மறுவடிவம்', 'மெல்லிய மாற்றம்'. மகளுக்கு 'இழை' பிடித்தது. அக்கா தாளைத் தடவிப் பார்த்து, "தாள் நல்ல கனம்" என்றாள். 

டிசைனர்கள் சளைக்கவில்லை. பழைய மூலையைக் காலி செய்வதற்குள் ஒரு நாள் காலை முழுதும் அங்கேயே உட்கார்ந்து, வருகிறவர்களைக் கவனித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கோட்டுகளை விலக்கி ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அரையிஞ்சு அக்கா இருக்காங்களா?" மத்தியானம் இருவரும் பளிச்சென்ற முகத்தோடு அக்காவிடம் வந்து, 'அரையிஞ்சு' என்றே பெயர் வைத்துவிடலாம் என்றார்கள்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது கேலிக்கு வச்ச பேரும்மா. அதை நானே எழுதி மாட்டணுமா?"

"ஊரு ஏற்கெனவே அப்படித்தானே கூப்பிடுது அக்கா" என்றாள் கண்ணாடிக்காரி. மேடம் அக்காவாகிவிட்டாள். "நீங்க இழைன்னு வச்சாலும், வர்றவங்க அரையிஞ்சு எங்கன்னு கேட்டுக்கிட்டே உங்க கடையைத் தாண்டிப் போயிடுவாங்க."

அது சரியான பேச்சு. அக்கா வெகுநேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். "சரி. ஆனா எல்லாம் கணக்கா இருக்கணும். அந்தப் பேரை வச்சுட்டு அரையிஞ்சு பிசகினாக்கூட என் மானம் கப்பலேறிடும், சொல்லிட்டேன்."

துணி வேலை செய்கிற கடைக்குத் துணியிலேயே போர்டு என்பது சுருட்டையின் யோசனை. கெட்டியான நீலக் கித்தானில் வெள்ளை எழுத்துகளை வெட்டித் தைத்து, சட்டத்தில் இழுத்து மாட்டுவது. சட்டத்துக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று. துணிக்கு அளவு எடுக்கப் போன அன்று சுருட்டை தன் பைகளை எல்லாம் துழாவினான். டேப் கொண்டு வரவில்லை.

"கவலை எதுக்கு தம்பி, நான் எதுக்கு இருக்கேன்" என்று அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவி ஸ்டூலில் ஏறினாள். ஓரத்தில் தொடங்கி, சாக்பீஸால் குறிவைத்து, குறியிலிருந்து மறுபடி தொடங்கி, கம்பீரமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: "அறுபது. இன்னொரு அறுபது. அப்புறம் முப்பது."

அவள் வாய் டேப்பில் இருந்ததைத்தான் படித்தது. பத்தைக் கழிக்க வேண்டியது எழுதுகிற கை. அன்றைக்கு எழுதிய கை சுருட்டையுடையது. அவன் நல்ல பிள்ளை, மூன்றையும் சரியாகக் கூட்டி நூற்றைம்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான்.

திறப்பு நாள் காலை எட்டு மணிக்குக் கித்தான் வந்தது. மடிப்பைப் பிரித்தார்கள், பிரித்தார்கள், பிரித்துக்கொண்டே இருந்தார்கள். தச்சர் தன் சொந்த டேப்பில் அளந்து சுவரில் அறைந்த சட்டம் சரியாகப் பத்தடி. கித்தான் பன்னிரண்டரை அடி. மிச்சம் பக்கத்துக் கடையின் கதவில் போய் முட்டியது.

சுருட்டை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

அக்கா டேப்பைப் பார்த்தாள். பத்து என்ற எண் அவளைப் பார்த்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது இஞ்சு" என்றாள் மெதுவாக. "அரையிஞ்சுன்னு போர்டு. முப்பது இஞ்சு பிசகு. பத்து மணிக்கு முதலாளி வருவாரு. எல்லாரும் வருவாங்க. சொந்தக் கடைக்கு அளக்கத் தெரியாதவகிட்ட இனி யாரு துணி குடுப்பா?"

"ரெண்டு பக்கமும் வெட்டிடலாம்மா" என்று மகள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்தச் சொல் அக்காவை எழுப்பிவிட்டது. "வெட்டறதா? கீழ வை அதை."

கித்தானை மெஷினுக்கு இழுத்துப் போட்டாள். எழுத்துகள் மொத்தம் ஐந்து. அவற்றுக்கு இடையே நான்கு இடைவெளி, இரண்டு பக்கமும் அகலமான வெற்றிடம். இடைவெளிக்கு ஒன்று, பக்கத்துக்கு மூன்று என்று பத்து மடிப்பு. மடிப்புக்கு மூன்று இஞ்சு.

சுருட்டை தலையில் கை வைத்தான். "அக்கா, அந்த வெற்றிடம்தான் டிசைனே. எழுத்து மூச்சு விடற இடம் அது."

"மூச்சுக்கு அரையிஞ்சு விட்டிருக்கேன் தம்பி. நீ அந்த முனையைப் பிடி."

கித்தான் மெஷினுக்குள் நுழைய மறுத்தது. இரண்டு ஊசி ஒடிந்தது. மூன்றாவது ஊசி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்காக வேலை செய்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கித்தான் சட்டத்தில் ஏறி, முரசுத் தோல் மாதிரி விறைத்து நின்றது.

பத்தேகாலுக்கு முதலாளி பூந்தொட்டியும் கையுமாக வந்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் அதற்குள் வாசலில் இருந்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, போர்டு சுருங்கிப்போயிருக்கு? தண்ணில நனைச்சியா? என்கிட்ட குடுத்திருந்தா டிரைகிளீன் பண்ணிக் குடுத்திருப்பேனே."

"அது கான்செப்ட் சார்" என்றான் சுருட்டை, கண் இமைக்காமல்.

"கான்செப்ட்னா?"

கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா முந்திக்கொண்டாள். அவளுக்குப் பொய் வராது, அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"கான்செப்டும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணே. முப்பது இஞ்சு கூடிப்போச்சு. அளந்தது நான்தான். உள்ள மடிச்சு வச்சிருக்கேன்."

வாசலில் நின்றவர்கள் அண்ணாந்து மடிப்புகளை எண்ணினார்கள். பிறகு, பெருத்த உடம்புக்காரர் ஒருவர் தோளில் கிடந்த கோட்டை எடுத்து நீட்டினார். "முப்பது இஞ்சையே காலையில உக்காந்து உள்ள தள்ளிட்டீங்க. இதுல ரெண்டே ரெண்டு இஞ்சுதான் அக்கா, வெளிய எடுக்கணும்."

வாசலே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, கோட்டை வாங்கித் தையலை உட்புறம் திருப்பிப் பார்த்தாள். அவள் கைத் தையல்தான். உள்ளே துணி இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை தானாக உண்டாகிவிட்டது.

மூன்று மாசம் முடிவதற்குள் முதலாளியே ஒரு காகிதப் பையோடு வந்தார். சட்டை மடிக்கும் மெஷினுக்கு இடுப்பைத் தளர்த்தத் தெரியாதாம். பேண்டைத் திருப்பிப் பார்த்தால், ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் வெட்டச் சொல்லி இவள் வெட்டாமல் விட்ட துணி அப்படியே உள்ளே இருந்தது. பத்து நிமிஷ வேலை.

"உக்காருங்கண்ணே" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினாள். வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டேன். அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தத் தெருவில் இன்னும் மூன்று கடைக்காரர்கள் மடிப்பு வைத்த கித்தான் போர்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். சரியான அளவில் துணி வாங்கினால் மடிப்பு அந்த அழகோடு விழுவதில்லை. அதனால் சுருட்டையும் கண்ணாடிக்காரியும் ஒவ்வொரு தடவையும் அக்கா கடைக்கு வந்து, அந்தக் கருகிய டேப்பை இரவல் வாங்கிப் போகிறார்கள்.

இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. இருந்தாலும் அரையிஞ்சுக்கு மேல் இருக்காது.