மாமியார் தொட்ட உடம்பு

எவெரிஸ்தாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் சொல்லக் கூடாது. பேருந்து நிற்கிற மாமரத்தடியில் அவள் மந்தாசி என்கிற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்பாள், பக்கத்திலேயே நான் வாழைக்காய் சுட்டு விற்பேன். என் அடுப்புப் புகை அவள் மாவில் படிகிறதாம். அவள் எண்ணெய் தெறித்து என் துணியெல்லாம் பாழாவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வாயைத் திறந்தால் வசவுதான். புருஷன் செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம், "குடிச்சே செத்தான், இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டவள். அவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை வளர்த்தாள், எவரிடமும் போய்க் கையேந்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகள் பெயர் ஜெனரோசா. அவளை ஒனெஸ்மோவுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. எங்கள் மகெங்கே மலைப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமான நோய் இல்லை, பல வீடுகளில் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் உண்டு என்று ஒரு வீடும் வாய் திறக்காது. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஒனெஸ்மோ உகாலிக் களிப் பானையோடு சாய்ந்து விழுந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எவெரிஸ்தா நேரே அவன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"ஓட்டைப் பானைக்கு மெழுகு பூசித் தலையில கட்டிட்டீங்களேடா, திருட்டுப் பசங்களா!"

ஒனெஸ்மோவின் அண்ணன் அப்போலினாரி வெளியே வந்தான். "உன் பொண்ணு அழகுக்கு வேற எவன் வரிசையில நின்னான்? கிடைச்சதை வச்சுக்கிட்டு வாயை மூடிட்டுப் போ!"

அன்று தொடங்கிய பகை. மகளை வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். ஜெனரோசா, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா" என்றாள். "பிடிச்சுத் தொலை!" என்று கத்திவிட்டு எவெரிஸ்தா அன்று சுட்ட மந்தாசியை எல்லாம் கருக்கிவிட்டாள். அதை வாங்கின பயணிகள் அவளைத் திட்ட, அவள் என்னைத் திட்டினாள்.

எங்களில் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்க மாட்டார்கள். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். எதிரெதிரே வந்தால் ஒருவர் பாதையை விட்டு இறங்கி முதுகு காட்டி நிற்பார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். மரியாதைக்காக வைத்த முறை. எவெரிஸ்தாவுக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. அந்த மூஞ்சியைப் பார்க்காமல் இருக்க ஊரே உத்தரவு கொடுத்த மாதிரி இருக்கிறது என்று அவளே சொல்வாள்.

ஜெனரோசா கெட்டிக்காரி. புருஷனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் தினமும் போடுகிற மாத்திரை வாங்கினாள். வழித்துணைக்கு என்று சொல்லி, வழியெல்லாம் திட்டிக்கொண்டே தாயும் போனாள். அங்கே நர்ஸ் ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சையும் ஒரு மருந்தையும் காட்டினாராம். சாதாரண வலிப்பு தானாக நின்றுவிடும். ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உயிருக்கு ஆபத்து. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இந்த மருந்தை ஆசனவாய் வழியே செலுத்திவிட்டு உடனே தூக்கி வாருங்கள் என்று சொல்லி, எப்படி என்று செய்தும் காட்டினார். "வீட்டுல இருக்கிற எல்லாருமே கத்துக்கங்க" என்றாராம்.

"நானா? அந்த ஆளோட பின்பக்கத்தையா?" என்று எவெரிஸ்தா போட்ட கூச்சலில் பிரசவ வார்டே எட்டிப் பார்த்திருக்கிறது. "போம்மா, யார்கிட்ட என்ன சொல்றதுன்னு ஒரு விவஸ்தை இல்லையா?"

அதனால் ஜெனரோசா, புருஷனின் அண்ணன் அப்போலினாரிக்குக் கற்றுக்கொடுத்தாள். தலையைத் தலையை ஆட்டிக் கற்றுக்கொண்டான்.

போன நெல் பருவத்தில் ஒனெஸ்மோவின் அப்பா இறந்தார். துக்கம் முடிகிறவரை மகன்கள் எல்லாரும் அப்பன் வீட்டில்தான் படுக்க வேண்டும். அடக்கம் முடிந்ததும் ஜெனரோசா பள்ளத்தாக்கு வயலுக்கு இறங்கிவிட்டாள். கதிர் பால் பிடிக்கும் நேரம், ஒருநாள் விட்டால் குருவிகள் வைக்கோலைத்தான் மிச்சம் வைக்கும். போகும்போது மருந்துப் பொட்டலத்தைத் தாயிடம் கொடுத்தாள். "அண்ணன் கையில இருந்தா போதையில தொலைச்சிடுவாரு. நீ வச்சுக்கம்மா. அவசரம்னா அவர்கிட்ட கொடு, அது போதும்." எவெரிஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

ஒனெஸ்மோ செய்த மடத்தனம் பிறகுதான் தெரிந்தது. பங்காளிகள் அத்தனை பேர் நடுவில் மாத்திரை விழுங்கினால் வியாதிக்காரன் என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்று வெட்கப்பட்டு, அப்பன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாத்திரையைத் தொடவே இல்லை. வெட்கமாம் வெட்கம்! அவன் விழுவது தெரியாத நாய்கூட அந்த வீட்டில் கிடையாது.

துக்கம் முடிக்கிற நாள். நல்ல உச்சி வெயில். ஆண்கள் முற்றத்தில் சோளக் கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாங்கள் வாழைத் தோப்பு ஓரம், எவெரிஸ்தா அந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒனெஸ்மோ குவளையை வைக்கப் போனவன் அப்படியே விறைத்து விழுந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. முற்றம் ஒரே நொடியில் காலியானது. வலிப்பில் கிடப்பவன் எச்சில் பட்டாலும், அப்போது அவன் பின்பக்கமாக விடுகிற காற்று பட்டாலும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் பேச்சு. ஒருவன் தூர நின்று வெங்காயத்தை நசுக்கி அவன் மூக்குப் பக்கம் வீசினான். அது மண்ணில் விழுந்தது.

இழுப்பு நிற்கவில்லை. கொஞ்சம் தளர்வது போலிருந்து, அவன் கண் விழிப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. எவெரிஸ்தா எழுந்து, பக்கவாட்டில் நடந்து, பொட்டலத்தை அப்போலினாரியின் கையில் திணித்தாள். "கத்துக்கிட்டியே, போடு."

அவன் சரியாகத்தான் மருந்தை எடுத்தான். தம்பி அருகில் குனிந்து, கால்சட்டையில் கை வைத்தவன், சட்டென்று பின்வாங்கினான். "காத்து வந்துடுச்சுன்னா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல."

"விடுங்கப்பா, தானா நிக்கும்" என்றார் குடும்பத்துப் பெரியவர் லிஹாவா, குவளையைக் கீழே வைக்காமலே.

"எப்ப? புதைச்சதுக்கு அப்புறமா?" என்று எவெரிஸ்தா கேட்டாள். ஒனெஸ்மோவின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிஞ்சை அப்போலினாரியின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏய், ஏய்! நீ மாமியார்!" லிஹாவா இப்போதுதான் எழுந்தார்.

"நான் மாமியார், நீங்க அப்பன் முறை. முறையை வச்சுக்கிட்டு நீங்க நின்னுக்கிட்டே இருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடியே புகைக்காரி, வாயைப் பொளந்துகிட்டு நிக்காத! மேல்துணியை அவுத்து மறைவாப் பிடி!"

பிடித்தேன். அவனைப் பக்கவாட்டில் புரட்டினாள், கால்சட்டையை இறக்கினாள், மருந்தைப் பின்வழியே மெல்லச் செலுத்தினாள். அது ஒழுகி வந்துவிடாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரமும் வாய் மட்டும் ஓயவில்லை. "சனியனே, எம்பொண்ணை விதவையாக்கவா பிறந்தே? மூச்சு விடுடா. விடு. விடுறியா இல்லையா?" சற்று நேரத்தில் உதறல் தளர்ந்தது. பிறகு நின்றது. குறட்டை மாதிரி மூச்சு வந்தது. சோளம் ஏற்றி வந்த வண்டியில் போட்டுக்கொண்டு பட்டணம் ஓடினோம். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இன்னும் மருந்து ஏற்றி அவனைத் தங்க வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். சொன்னது என் காதில் விழுந்தது.

நன்றி சொன்னார்களா? நல்லா சொன்னார்கள்! அவன் நடமாடத் தொடங்கியதுமே பஞ்சாயத்து கூட்டினார்கள். மாமியார் மருமகனின் உடம்பைத் தொட்டுவிட்டாள், அதுவும் எந்த இடத்தை! வெள்ளைக் கோழி அறுத்து, கள் ஊற்றிக் குடும்பத்தைச் சுத்தப்படுத்த வேண்டுமாம். கள்ளுக்கடையில் அதற்குள் நூறு கேலி. ஒனெஸ்மோ போகிற பக்கமெல்லாம் எவனாவது இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, "மாமியார் வர்றாங்கடா!" என்பான். சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று முற்றத்தில் நின்றவர்கள்.

பஞ்சாயத்தில் எவெரிஸ்தா ஒரு பக்கம், ஒனெஸ்மோ ஒரு பக்கம், முதுகுக்கு முதுகு. வயலிலிருந்து ஓடி வந்த ஜெனரோசா நடுவில். ஒனெஸ்மோ லிஹாவாவைப் பார்த்துப் பேசினான்.

"அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க. என்னைக் காப்பாத்தச் சொல்லி யார் கேட்டது? செத்திருந்தா மரியாதையாப் போயிருப்பேன். இப்ப தெருவுல தலைநிமிர முடியலை."

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் லிஹாவா அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"எம்பொண்ணு கேட்டா" என்றாள் எவெரிஸ்தா. "போறப்ப எங்கையில கொடுத்துட்டுப் போனா. அந்த ஆளுக்காக நான் ஒண்ணும் செய்யலை. இதையும் சொல்லுங்க."

சொன்னார். ஒனெஸ்மோ எழுந்தான். அவள் முகம் தெரிகிற ஊரில் இனி ஒருநாளும் இருக்க மாட்டேன், பள்ளத்தாக்கு வயலிலேயே குடிசை போட்டுக்கொள்கிறேன், ஜெனரோசா வருகிறாளா, தாயோடு இருக்கிறாளா, இப்போதே சொல்லட்டும் என்றான். எனக்கு அங்கேயே எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. ஜெனரோசா வெகுநேரம் அழுதாள். புருஷன் பக்கம் போய் நின்றாள். அவன் விழும்போது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே, அவள் வேறு என்ன செய்வாள்? எவெரிஸ்தாவுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை.

அவர்கள் கிளம்பிய காலை, வண்டி எங்கள் மாமரத்தடியில்தான் நின்றது. பாயும் பானையும் ஏற்றினார்கள். ஒனெஸ்மோ மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜெனரோசா தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தாய் இருக்கிற பக்கம் திரும்பாமலே இருந்தாள். பார்க்கக் கூடாது என்று அவன் சொல்லியிருப்பான். எவெரிஸ்தா மாவு பிசைந்த கையோடு வண்டி ஓரமாகப் போனாள், மருந்துப் பொட்டலத்தை மகள் மடியில் போட்டாள், திரும்பி வந்தாள். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

மருமகன் பெயரை மாமியார் வாயால் சொல்வது எங்களில் கிடையவே கிடையாது. அவள் நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"ஒனெஸ்மோ! டேய் ஒனெஸ்மோ! மாத்திரையை நிறுத்தாதடா!"

அவன் திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான். பார்த்துவிட்டு, அவள் பக்கமாகக் காறித் துப்பினான். வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

"நாசமாப் போறவன்!" என்று நான் கல்லைத் தேடினேன்.

எவெரிஸ்தா அடுப்படியில் உட்கார்ந்து மாவை உருட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"துப்பட்டும் விடு" என்றாள். "துப்ப உசுரு இருக்குல்ல."