டிக்கியில் ஒரு பரண்

போன சனிக்கிழமை என் காரின் பெட்ரோல் முள் என் மானத்தை வாங்கிவிட்டது.

வழக்கமாக டேங்க் நிரப்பி நாலு வாரம் ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இந்த முறை கால் டேங்குக்கு மேலே சொகுசாக நின்றது. சந்தோஷம்தானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. அந்த நாலு வாரமும் வண்டியை ஓட்டியது நானில்லை... என் மனைவி ஜெயா.

ஜெயா லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டது ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும்தான். காரணம் நான். 'நீ கிளட்ச்சிலிருந்து காலையே எடுக்க மாட்டே, பெட்ரோலைக் குடிச்சுத் தீர்த்துடும்' என்று ஒரு தீர்ப்பு சொல்லி வைத்திருந்தேன். அவள் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

சனிக்கிழமைதோறும் அவள், மும்பையில் நாங்கள் இருக்கும் செம்பூரிலிருந்து சீத்தா கேம்ப் குடிசைப்பகுதிக்குப் போவாள். தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பிள்ளைகள் அங்கே நிறைய. அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாள். தோளில் கனக்கிற புத்தகப் பையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள். கார் கீழே கவர் போர்த்தித் தூங்கும். மைலேஜ் முக்கியமில்லையா?

இந்த நேரத்தில்தான் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு மாசம் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். ஜெயா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இடது பக்க சீட்டில் உட்கார்ந்து நான் பட்ட பாடு இருக்கிறதே... காலையில் கிளப்பினால் பத்து நிமிஷம் வண்டியை நின்ற இடத்திலேயே உறும விடவேண்டும், இஞ்சின் சூடாக வேண்டும் என்பது என் கொள்கை. தரைத்தள வீட்டுக்காரர் தினமும் என் புகையில்தான் கண் விழிப்பார். ஜெயா சீட் பெல்ட் போட்டாள், கிளம்பிவிட்டாள். மேம்பாலத்தில் இறங்கும்போது நான் நியூட்ரலுக்குப் போய்விடுவேன் — சும்மா உருளுகிற வண்டி பெட்ரோல் குடிக்காது அல்லவா? அவள் கியரிலேயே இறங்கினாள். ஃப்ரீவேயில் நான் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குவேன். அவள் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான் பாடம் நடத்தினேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

நாலு வாரம் போகட்டும், முள்ளே சொல்லும் என்று காத்திருந்தேன். முள் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

முள் பழுது! எனக்குத் தோன்றியது அதுதான். வேறு எப்படி? சீத்தா கேம்ப் போய்வந்த தூரம் வேறு கூடுதல். நேராகத் தாராவிக்கு, சுடலைமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னேன். பதினைந்து வருஷமாக எங்கள் வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற திருநெல்வேலிக்காரர். முகத்தாட்சண்யத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர்.

முள்ளைப் பார்க்கச் சொன்னால் மனிதர் டிக்கியைத் திறந்தார். திறந்தவர் சிரித்தார். டிக்கி காலியாக இருந்தது.

மும்பை ஃபிளாட்டில் பரண் ஏது? எங்கள் வீட்டுக்கு டிக்கிதான் பரண். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, கொலுப்படி கட்டுகிற இரும்பு ஆங்கிள்கள், எப்போதோ லோனாவாலா போனபோது சக்கரத்துக்கு அண்டை கொடுக்க எடுத்த இரண்டு கருங்கல், ஒரு தண்ணீர் கேன், இரண்டாவது ஜாக்கி. ஒவ்வொன்றை வைக்கும்போதும் நான் சொன்னது ஒரே மந்திரம்தான் — 'எதுக்கும் இருக்கட்டும்.' உங்கள் டிக்கியிலும் நாலு சாமான் இப்படித்தான் குடியேறியிருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள்.

"ஒரு முழு ஆளு வெயிட்ட வருசம் பூரா டிக்கெட் இல்லாம ஏத்திக்கிட்டு அலைஞ்சீயளே சார், வண்டி குடிக்காம என்ன செய்யும்?" என்றார் சுடலைமுத்து.

எல்லாம் எங்கே போயின? ஜெயாவைப் பார்த்தேன். பேட்டரி, பழைய பேட்டரி வாங்குகிற கடைக்குப் போய்விட்டதாம். கருங்கற்கள் பில்டிங் வாசலில் துளசித் தொட்டிக்கு அடியில். "கொலுப்படி ஆங்கிள் சீத்தா கேம்ப்ல புக் ஷெல்ஃபா நிக்கறது. நவராத்திரிக்குத் திருப்பிக் குடுத்துடுவா" என்றாள்.

சுடலைமுத்து அதோடு விடவில்லை. மைலேஜ் ஏறும் என்று நான் எப்போதும் டயரில் கூடுதலாகக் காற்றடிப்பேன். ஜெயா முதல் வாரமே அவரிடம் வந்து, கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்ட அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நீங்கள் அடித்த காற்றோடு மழையில் பிரேக் போட்டிருந்தால் வண்டி வழுக்கியிருக்கும் என்றார். காலையில் நின்ற இடத்தில் உறும விட இந்தக் காலத்து வண்டிக்கு அரை நிமிஷம் போதுமாம், மெதுவாக ஓட்டினால் தானே சூடாகிவிடும். கியரில் இறங்கி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் ஏசியை அணைத்தால் மிச்சம்தான். வேகத்தில் கண்ணாடியைத் திறந்தால் காற்று வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும்... என் ஞானம் மொத்தமும் என் பழைய ஸ்கூட்டரோடு காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியது.

கடைசியாக ஒரே ஒரு பிடி பாக்கி இருந்தது எனக்கு. கிளட்ச்? அதை இவள் தேய்த்திருப்பாளே?

அவர் ஜெயாவை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "போன வருசம் கிளட்ச் பிளேட் கருகிப் போய் மாத்துனோம்லா சார்? அப்ப அக்கா ஓட்டவே இல்லியே."

ஜெயா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் பார்க்காதபடி சிரிக்க. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருஷம் அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது என் காலில் இருந்த குற்றத்துக்காக. ஒரு நாள் கூட 'நீங்க ஓட்டறது மட்டும் எப்படி?' என்று அவள் கேட்டதில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன ஒரு மாசம் அன்றோடு முடிந்தது. வெளியே வந்ததும், பழக்கதோஷம், சாவிக்காகக் கையை நீட்டினேன். ஜெயா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எனக்காக இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "எதுக்கும்."