படியில்லாத துறை

நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். பஸ் நிற்பதற்குள் படிக்கு வந்துவிடுவேன். பால் பொங்குவதற்குள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்துவிடுவேன். என் தங்கை சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. "சக்கரம் எனக்குல்ல கட்டியிருக்கு, அலையறது என்னமோ நீ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஏழு வருஷத்துக்கு முன், ஒரு ஆடிப்பெருக்கு அன்று நடந்தது அது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள படித்துறையில் நல்ல கூட்டம். தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு படி கீழே நின்றபடி, "சீக்கிரம் இறங்குடி, எருமை" என்றேன். அடுத்த படியில் பாசி. விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. பாசிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு சீக்கிரம் என்றும் எருமை என்றும் அவளிடம் நான் சொன்னதே இல்லை.

தில்லை நகரில் ஒரு சிறிய இன்ஜினியரிங் ஆபீஸில் வரைபடம் போடுவது என் வேலை. போன வருஷம் எங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு புதிய வேலை வந்தது. மோட்டார் இல்லாத படகுகளைப் பொதுமக்கள் தாங்களே கொண்டுவந்து காவிரியில் விட எங்கெங்கே இடம் செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கயாக், பரிசல், துடுப்புப் பலகை, எதுவானாலும் சரி. வண்டி நிறுத்த இடம், கரைவரை பாதை, இறங்குகிற இடம், உடை மாற்ற அறை, எந்த மாதங்களில் எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் வரைந்து தர வேண்டும். எங்கள் ஊரில் ஆற்றுக்குப் போகிறேன் என்றால் குளிக்கவா, திதி கொடுக்கவா என்றுதான் கேட்பார்கள். விளையாடப் போகிறேன் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஓடத்துறை என்று ஊருக்குள் பேர் இருக்கிறது, ஓடத்தைத்தான் காணோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது தங்கை எடுத்துக்கொண்டிருந்த ஆன்லைன் டியூஷனை நடுவில் நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். ஒரு முறை மறுவாழ்வு மையத்துக்காரர்கள் அவளைக் கடலோரத்தில் ஒரு கழிமுகத்துக்கு அழைத்துப் போய்க் கயாக்கில் உட்கார வைத்திருந்தார்கள். அரை மணி நேரம்தான். திரும்பி வந்து ஒரு மாதம் அதையே பேசினாள்.

"அதுல எல்லாருமே உட்கார்ந்துதான்க்கா இருக்காங்க" என்றாள் இப்போதும். "எனக்கு ஒரே ஒரு எடம் போதும். நாற்காலியோட தண்ணி வரைக்கும் போற மாதிரி ஒண்ணு போட்டுடு."

போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசிக்காமல் கொடுக்கிற வாக்கு எல்லாம் என்னுடையதுதான்.

அன்றிரவே ஒரு பட்டியலுக்குக் கட்டம் போட்டேன். வரிசை எண், படித்துறையின் பெயர், படிகளின் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் வசதி. மறுநாளிலிருந்து டேப்பும் கேமராவுமாகக் கரையோரம் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டு கரையிலும் பேர் தெரிந்த படித்துறை ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் படியை எண்ணினேன், உயரத்தை அளந்தேன், பாசி எங்கே தொடங்குகிறது என்று குறித்தேன். யாராவது குழந்தையை அவசரப்படுத்தி இறக்கினால் அங்கேயே சண்டைக்குப் போனேன். ஒரு அம்மாள், "ஒங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

சாய்தளம் வைக்கக் கணக்குப் போட்டேன். நாற்காலி பத்திரமாக இறங்க, ஓரடி ஆழத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எந்தப் படித்துறையானாலும் பதினைந்து அடி இறக்கம் இருந்தது. வளைத்துப் போட்டேன், மடித்துப் போட்டேன், காகிதம் தீர்ந்தது.

"நூத்தி எண்பது அடிங்க" என்றார் எங்கள் இன்ஜினியர். அவர்தான் ஆபீஸின் முதலாளியும். "மேட்டூர்ல தொறந்துவிட்டா ஒரே தண்ணியில மணல் மூடிடும். இத எழுதிக் குடுத்தா மத்த எடத்தையும் சேத்து வேணாம்னு சொல்லிடுவாங்க. அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம், திங்கக்கெழம பட்டியலக் குடுத்துடணும்."

அடுத்த கட்டம் என்றால் என்ன என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை போகிற பட்டியலில் இல்லாத இடம் பிறகு வரவே வராது. வீட்டுக்குப் போனால் அவள் கேட்பாள். வெள்ளிக்கிழமை அவள் தூங்கியிருப்பாள் என்று தெரிகிற வரைக்கும் மாம்பழச்சாலையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேலூர்ப் பக்கம் போனேன். வேலை ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் பார்த்து முடித்த கரைதான். வாழைத்தோப்பைத் தாண்டும்போது எதிரே எருமைகள் வந்தன. ஏழெட்டு இருக்கும், பின்னால் ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா. எல்லாம் நனைந்து, முதுகில் நீர்த்தாவரம் ஒட்டிக்கொண்டு, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு நடந்தன. ஹாரன் அடித்தேன். ஒன்று நின்று என்னைப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் படித்துறையே கிடையாதே, இவை எங்கே இறங்கி எங்கே ஏறுகின்றன?

குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கரையை ஒட்டியபடி சாய்வாக, நீளமாக ஒரு தடம் தண்ணீருக்குள் போயிற்று. வருஷக்கணக்காக மிதிபட்டுத் தரை சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அந்த இடத்தை அந்த ஒரு மாதத்தில் மட்டும் நான் நாலு முறை கடந்திருப்பேன். படி இல்லாததால் அது என் கண்ணில் படவில்லை. கட்டத்தில் படித்துறை என்று தலைப்புப் போட்டதே நான்தான். படியில் விழுந்தவளுக்காக இடம் தேடப் போனவள், படி இருக்கிற இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறேன். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, என் மேல் ஆத்திரமும் வந்தது.

எழுந்து அளக்க ஆரம்பித்தபோது எருமைக்காரம்மா திரும்பி வந்தார்.

"என்னம்மா அளக்குறீங்க? ரோடு போடப் போறீங்களா? எங்க மாடு எங்க போவும்?"

விஷயத்தைச் சொன்னேன். தங்கையைப் பற்றியும் சொன்னேன். அவர் தடத்தையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில நாங்க வர்றதில்ல. பால் வேலை இருக்கும். காலையில நீங்க எறங்குங்க, மத்தியானம் எங்களுக்கு விட்டுடுங்க. அத எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். படத்தில் அந்த நேரத்தை எழுத்து மாறாமல் போட்டிருக்கிறேன்.

சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று வரவில்லை, பத்துக்கு ஒன்றுதான். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம், "எடம் கெடைச்சிருக்கு. எருமைங்க எறங்குற எடம்" என்றேன். சொன்ன பிறகுதான் வாயிலிருந்து வந்த வார்த்தை உறைத்தது.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "அப்ப எனக்குன்னே செஞ்ச எடம்தான்" என்று சொல்லிக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

திங்கட்கிழமை பட்டியலின் தலைப்பில் இருந்த படியை அடித்துவிட்டுத் துறையின் பெயர் என்று மட்டும் வைத்தேன். கடைசி வரியில் எருமைத்துறை என்று எழுதி, படிகளின் எண்ணிக்கைக்கு நேரே பூஜ்யம் போட்டேன். "எந்தத் துறைக்குக் கீழ வருதுன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று இன்ஜினியர் தலையில் கைவைத்தார். ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

திட்டத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் இறக்கிப் பார்த்துப் படம் எடுத்து இணைக்க வேண்டும் என்று கேட்டிருந்ததால், ஒரு காலையில் இரண்டு உயிர்காப்பாளர்களோடும் இரவல் வாங்கிய ஒரு கயாக்கோடும் அங்கே போனோம். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தங்கை நாற்காலியில் முன்னால் இருந்தாள். நான் பின்னால் பிடித்திருந்தேன். சாய்வு தொடங்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டேன். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத எனக்கு ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. கீழே கயாக் காத்திருந்தது, உயிர்காப்பாளர்கள் காத்திருந்தார்கள், நான் பிரேக்கைச் சரிபார்த்தேன், மறுபடி சரிபார்த்தேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் எறக்குடி, எருமை" என்றாள்.

இறக்கினேன்.