தெரியாது என்பவருக்குப் பெரிய துண்டு

பூமணியக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். வாய்க்காலின் மேல் மூட்டம் படிந்து கிடந்தது, எதிர் வரம்பில் நின்ற மாட்டின் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. கைபேசி அடித்தது. சிவநேசன். கணிதம் படிப்பிக்கிறவர், எதையும் மூன்று நியாயங்களோடு தொடங்குகிறவர். அன்றைக்கு, "அண்ணை, அக்கா போட்டா" என்று மட்டும் சொன்னார். நித்திரையிலேயே போய்விட்டாராம். மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, திருப்பிய தண்ணீர் என் வயலை நிறைத்து அடுத்தவர் வயலுக்குள்ளும் போய்விட்டது. மற்ற நாளென்றால் அந்த மனிதர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்றைக்குத் தானே வந்து வாய்க்கால் வாயை மறித்துவிட்டுப் போனார்.

பறுவக் கூட்டத்துக்கு வந்து போன உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுநிலவுக்கு விடுமுறை விடுகிற போயா நாள் பின்னேரங்களில், கண்டாவளையில் அக்கா வீட்டு முற்றத்தில், சாமியை நம்பாதவர்களும், நம்பலாமா என்று யோசிப்பவர்களும், வேறு போக்கிடம் இல்லாதவர்களும் கூடிக் கதைத்த கூட்டம் அது. நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளிக்கிழமை விரதமுமாக இருக்கிற நான் சண்டை பிடிக்கத்தான் முதலில் போனேன். சண்டை நல்லாயிருந்தது, விடாமல் போகத் தொடங்கினேன். நான் படலையைத் திறந்தால் அக்கா, "எதிர்க்கட்சி வந்திட்டுது, இனித் தொடங்கலாம்" என்பார். புத்தர் தந்த லீவில்தானே நீங்கள் எல்லாம் கூடுகிறீர்கள் என்று நானும் விடமாட்டேன்.

அக்கா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. வைத்தியசாலை மருந்தறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கணவர் முன்னரே காலமாகிவிட்டார். ஒரே மகன் நிமலன், கடைசி யுத்தத்தின் நெரிசலில் தாயின் கையிலிருந்து தவறிப் போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அக்காவும் தங்கை சரசுவும்தான் அந்த வீட்டில். சரசு சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வந்துதான் நாத்திகர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். அக்காவுக்கு அதில் ஒரு குறையுமில்லை, சாயம் போதாவிட்டால் மட்டும் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்: "என்னாடி இது, கழுவுன தண்ணியா?"

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. தேத்தண்ணியோடு கடிக்கப் பனங்கட்டி வரும். அக்காதான் உடைப்பார். வாதத்தில் வென்றவருக்குச் சின்னத் துண்டு. கேள்வி ஒன்றுக்கு முகத்தைச் சுழிக்காமல் "எனக்குத் தெரியாது" என்று சொன்னவருக்குப் பெரிய துண்டு. "வெண்டவருக்கு வாய் ஏற்கெனவே இனிச்சுக்கொண்டுதானே இருக்கும்" என்பார். பனங்கட்டிக்கு ஆசைப்பட்டுத் தெரிந்ததையே தெரியாது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை அக்கா எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். சிவநேசனுக்குப் பல காலம் சின்னத் துண்டுதான் கிடைத்தது.

ஒருமுறை, ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குளக்கட்டில் இருட்டினதும் வெளிச்சமொன்று தானாக நடக்கிறது என்று கதை வந்தது. ஆராயாமல் விடுவோமா? ஆறு பேர் வான் பிடித்துப் போனோம். யானைக்குப் பயந்து ஆளுக்கொரு ரோச் லைற். கட்டு நீளத்துக்குத் தள்ளித் தள்ளி நின்று காத்திருந்தோம். பேய் வரவில்லை, யானை வந்தது. ரோச்சை அணைக்கவும் தோன்றாமல் ஆறு பேரும் ஓடினோம். அடுத்த நாள் அந்த ஊர் முழுக்க, பேய் ஒன்றில்லை ஆறு என்று கதை. அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், அங்கே தேத்தண்ணிக் கடையில் நின்று, அது நாங்கள்தான் என்று விளக்கினார். கடைக்காரர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். "ஓம் அம்மா. ஆனா நீங்கள் வந்து போன பிறகும் ஆறும் வந்ததாம்" என்றார். பஸ்ஸில் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பேயே நேரில போய்ச் சொல்லியும் நம்புறாங்களில்லையே!"

இன்னொரு போயா நாள். வாக்குச் சொல்கிற அம்மா ஒருவரைப் பற்றிக் கதை எழுந்தது. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் அவரிடம் போவார்கள், பிள்ளை இருக்கிறான், வருவான் என்று அவர் சொல்லுவார். சிவநேசனுக்குச் சூடு ஏறிவிட்டது. ஏமாற்று என்றார், அது சரி. பிறகு வேகத்தில், "இவ்வளவு காலத்துக்குப் பிறகும் உயிரோட இருக்கினம் எண்டு நினைக்கிறதும் ஒரு மூடநம்பிக்கைதான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாருடைய முற்றத்தில் இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வயலுக்கு அப்பால், மரங்களுக்குள் நிலவு மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது.

"சாட்சி வைச்சிருக்கிறீங்களோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா."

"என்னட்டையும் இல்லை. இருக்கிறான் எண்டதுக்கும் இல்லை, இல்லை எண்டதுக்கும் இல்லை. அப்ப நாங்கள் என்ன சொல்ல வேணும்?"

சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது எண்டு சொல்ல வேணும்" என்றார்.

அக்கா பனங்கட்டியை உடைத்துப் பெரிய துண்டை அவரிடம் நீட்டினார். அந்தச் சட்டம் எதற்காக உண்டானது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. நிலவு வெளுத்து முற்றம் முழுக்கப் பரவியது. தண்ணீர் நின்ற வயலெல்லாம் வெள்ளையாகி, வீடு எது வெளி எது என்று தெரியாமல் போனது. தூரத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் நெடுநேரம் தேயாமல் இருந்தது போல எனக்கு இப்போதும் இருக்கிறது.

அந்த வாக்குக்கார அம்மாவிடம் சரசுவே ஒளித்துப் போய்வந்ததை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வந்ததும் மறைக்க முடியாமல் அக்காவிடம் சொல்லிவிட்டாராம். பெரிய மரங்கள் உள்ள இடத்தில் நிமலன் நிற்கிறான், தாயை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று வாக்கு. அக்கா ஏசப்போகிறார் என்று சரசு பயந்துகொண்டு நின்றிருக்கிறார். அக்கா, "திருப்பிச் சொல்லு" என்றாராம். சரசு திருப்பிச் சொன்னார். "நான் நம்பேல்லை. ஆனா கேக்க நல்லாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா போய்ப் படுத்தாராம்.

நானும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நிமலன் பெயருக்கு அருச்சனை செய்வேன். நம்புகிறவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஒருநாள் அது அக்கா காதில் விழுந்துவிட்டது. கூட்டத்தில் வைத்து என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன நட்சத்திரம் சொல்லுறனீங்கள்?"

"தெரியாது அக்கா. பேரை மட்டும் சொல்லுவன்."

வயல் பக்கம் திரும்பினார். "உத்திராடம்" என்றார். "செய்யிறதைச் சரியாச் செய்யுங்கோ."

கடைசியாக வந்த மாரிமழைக்கு முன்னர் என்னிடம் ஒரு வேலையும் ஒப்படைத்தார். தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்க ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னார். "படிக்கிற பிள்ளையளுக்கு உதவும், அது ஒண்டு. மற்றது, எரிக்கிறதெண்டால் கொள்ளி ஆர் வைக்கிறது எண்டு கேள்வி வரும். அந்தக் கேள்வியில என்ர பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டு முற்றத்தில வைச்சே தீர்ப்புச் சொல்லிப்போடுவினம். அது நடக்கக்கூடாது."

"சிவநேசன் என்னைவிட நல்லாக் கதைப்பார் அக்கா."

"அவர் கதைச்சா அடிபாடுதான் வரும். செத்தவீட்டில திருநீறு பூசினவர் சொன்னாத்தான் எடுபடும்."

அவர் பயந்த கேள்வி செத்தவீட்டில் அப்படியே வந்தது. கேட்டவர் அக்காவின் கணவருடைய தமையனார், செட்டிகுளத்திலிருந்து அழுதுகொண்டு வந்த வயதான மனிதர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நிமலனைத் தோளில் வைத்துத் திருவிழாக் காட்டியவர் அவர். கிரியை இல்லாமல் அனுப்பக்கூடாது என்றார். உடலை ஏற்றிப்போக மருத்துவ பீடத்து வாகனம் படலையில் வந்து நின்றது. என் நெற்றியைப் பார்த்து, "நீங்கள் கோயில் மனுசன், சொல்லுங்கோ. பெடியன் இருக்கிறானோ? இருந்தா வரட்டும், காத்திருப்பம். இல்லையெண்டால் என்ர மகன் கொள்ளி வைப்பான்" என்றார். சனம் முழுக்க என்னைப் பார்த்தது.

இருக்கிறான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. நான் அதைத்தானே வெள்ளிக்கு வெள்ளி வேண்டிக்கொள்கிறேன்! சொல்லியிருந்தால் வாகனம் வெறுமையாகத் திரும்பியிருக்கும், வராத பிள்ளைக்காக அக்கா அங்கேயே காத்துக் கிடந்திருப்பார்.

"தெரியாது ஐயா" என்றேன். "அக்காவுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் செய்ய வேண்டாம் எண்டுதான் என்னட்டைச் சொல்லிவிட்டவா."

முதியவர் வாயைத் திறந்தார். அதற்குள் சரசு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தான், அவன்ர இடம் அவனுக்கே கிடக்கட்டும்" என்றார். அவன் வருவான் என்று முழுதாக நம்புகிற பெண் அவர். முதியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குவதற்குத் தானே முதலில் கை கொடுத்தார். வாகனம் வயல் ஓரத்தால் மெல்லப் போனது. மத்தியானம்தான், ஆனாலும் எனக்கு எல்லாம் அந்த நிலவில் நடப்பது போலவே இருந்தது. பின்னேரம் சரசு தேத்தண்ணி கொண்டுவந்தார். என் உள்ளங்கையில் பெரிய துண்டை வைத்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பனங்கட்டி அன்றைக்கே கரைந்துவிட்டது. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பவை ஒரு சொல்லும் ஒரு நட்சத்திரமும்தான். போன வெள்ளி கோயிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் ஐயர், என்னை அறியாதவர், தட்டத்தை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். நிமலன் என்றேன்.

"மகனோ? வெளிநாட்டிலயோ இருக்கிறார்?"

"தெரியாது ஐயா" என்றேன். "நட்சத்திரம் உத்திராடம்."